ஒற்று மிகும் இடம்

எனக்கு வசனம் இல்லை.
துடைப்பக் கட்டையின் முனையில் மைக்கைக் கட்டி
அதற்குத் தம்பியின் கம்பளிக் காலுறையை மாட்டி
தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பவன் நான்.
பதினோராம் வகுப்பு, ஜப்பானியப் பாடம்,
தேர்வுக்குப் பதிலாக நான்கு நிமிடப் படம்.
நியூசிலாந்தின் தென்கோடி, பிளஃப் துறைமுகம்,
ஆகஸ்ட் மாதம்.
கை விறைத்தால் கட்டை ஆடும்.
கட்டை ஆடினால் நையோ முறைப்பாள்.
கேமரா அவளுடையது.

விதி ஒன்றே ஒன்றுதான்:
படப்பிடிப்பில் ஆங்கிலம் கூடாது.
மீறினால் ஜாம் புட்டியில் இருபது சென்ட்.
கால் இடறினாலும்
ஜப்பானிய மொழியில்தான் இடற வேண்டும்.

முதல் நாள் காலையிலேயே புட்டி குலுங்கியது.
மதியத்துக்குள் ஊமைகளானோம்.
அப்புறம் மெல்ல மெல்ல
‘அது’, ‘இது’, ‘இன்னொரு முறை’,
‘குளிருது’, ‘ரொம்பக் குளிருது’ என்று
எட்டாம் பாடத்தில் தூங்கிக் கிடந்த சொற்கள்
நீலம் பாரித்த உதடுகளைத் தேடி வந்தன.

கதை பெரிதில்லை.
சிப்பிப் படகில் ஒருத்தி போகிறாள்.
கரையிலிருந்து ஒருவன் கூப்பிடுகிறான்: வா.
அந்த மொழியில், கிதெ.
இரண்டே எழுத்து. டாசி ஐந்து வாரம் சொல்லிப் பார்த்தான்,
ரக்பி மைதானத்தில், பேருந்தில்,
பல் துலக்கும் நுரைக்கு நடுவில்.

படகு ஹோஹெப்பாவின் மாமாவுடையது.
ஒரே ஒரு தடவைதான், டீசல் என்ன விலை தெரியுமா
என்று முன்பே சொல்லிவிட்டார்.

படகு நகர்ந்தது.
டாசி மரத்துறையின் நுனிவரை ஓடினான்.
ஐந்து வாரத்தையும் நெஞ்சில் இழுத்து நிறுத்தி
கத்தினான்.
நடுவில் ஓர் ஒற்று மிகுந்துவிட்டது.
கித்தெ!

கித்தெ என்றால் வெட்டு.
விளக்கானால் அணை, கேமராவானால் நிறுத்து.
நையோ விதி தவறாதவள்.
நிறுத்தினாள்.

படகு போய்க்கொண்டே இருந்தது,
யாரும் பிடிக்காத ஒரு மஞ்சள் வெளிச்சத்தில்.
அடுத்த ஒரு நிமிடத்தில் புட்டிக்கு வந்த வருமானம்
நான்கு டாலர் அறுபது சென்ட்.
பாதிக்கு மேல் நையோவின் பணம்.

‘அஞ்சல் தலைக்கும் அதே சொல்தான்’
என்றார் இசோபே ஆசிரியை, ஆறுதல் போல.
யாரும் சிரிக்கவில்லை.

நான் கட்டையை இறக்கவில்லை.
மனவுறுதி என்று பிறகு சொன்னார்கள்.
உண்மையில் எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை.
வா என்றுதான் சொன்னான் என்று நினைத்து
படகு மறையும்வரை
தேய்ந்து தேய்ந்து போன எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரவு, ஹெட்ஃபோனில், இருபது முறை கேட்டேன்.
ஒற்று என்றா சொன்னேன்?
அங்கே ஒலியே இல்லை.
நாக்கு பல்லடியில் ஒட்டி நின்ற
ஒரு சின்ன வெறுமை.
அதற்கும் ஒரு முழு மாத்திரை கொடுத்து
எழுத ஒரு குட்டி எழுத்தும் வைத்திருக்கிறார்கள்.
கரும்பலகையில் இரண்டு வருடம் பிடிபடாதது
ஃபோவோ நீரிணையின் காற்றை நிரப்பிக்கொண்டு
காதுக்குள் உட்கார்ந்திருந்தது.

படத்தை அப்படியே விட்டோம்.
அவன் அழைக்கிறான். திரை இருள்கிறது.
இருட்டில் பதினோரு நொடி
படகு மட்டும் கேட்கிறது.

பள்ளி அரங்கில் டாசியின் அப்பா எழுந்து
மின்சாரம் போய்விட்டதா என்று கேட்டார்.
பின்வரிசையில் யாரோ
கலை, கலை என்று அவரை உட்கார வைத்தார்கள்.

புட்டியில் பதினெட்டு டாலர் இருபது.
ஆறு பேருக்கு மீனும் சிப்ஸும் வாங்கப் போதவில்லை,
மீதியை டாசி போட்டான்.
கடைக்கு வெளியே, காகிதத்தைப் பிரித்தபடி,
விதி முடிந்து இரண்டு வாரம் ஆகியும்,
‘குளிருது’ என்றான்
அந்த மொழியில்.
‘ரொம்பக் குளிருது’ என்றாள் நையோ,
சிப்ஸை எடுத்துக்கொண்டே.